மழைக்கு முன்னே ஒரு சுற்று
வில்லியனூர், பாகூர் கிராமங்களில் ஆவணியும் புரட்டாசியும்

ஆடிக் காற்று ஓய்ந்த பிறகு ஐப்பசி அடைமழை பிடிக்கும்வரை புதுச்சேரிக் கிராமங்களுக்கு இரண்டு மாதம் கிடைக்கிறது. பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். சாயங்காலம் மேற்கே கருத்துக்கொண்டு வந்து, இடி இடித்து, ஒரு பாட்டம் கொட்டிவிட்டு வானம் வெளுத்துவிடும். புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்று பெரியவர்கள் சொல்வது இந்த வட்டாரத்துக்கு அச்சு அசலாகப் பொருந்தும். அறுத்த சொர்ணவாரி நெல் ரோட்டோரம் காய்ந்துகொண்டிருக்கும்போதே பக்கத்து வயலில் சம்பா நாற்றங்கால் பச்சை பிடித்திருக்கும். கோகுலாஷ்டமி, பிள்ளையார் சதுர்த்தி, மகாளய அமாவாசை, புரட்டாசி சனிக்கிழமைகள், நவராத்திரி, ஆயுத பூஜை எல்லாம் இந்த இடைவெளிக்குள்தான் அடுத்தடுத்து வருகின்றன.

சனி, ஞாயிறு ஆனால் சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வரும் கார்கள் கடற்கரைச் சாலையையும் அதை ஒட்டிய பிரெஞ்சுக்காரர் தெருக்களையும் சுற்றிச் சுற்றி வந்து நிறுத்த இடம் தேடுகின்றன. அங்கிருந்து மேற்கே சுமார் 10 கிலோமீட்டரில் வில்லியனூர். தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் பாகூர். இரண்டும் கொம்யூன் பஞ்சாயத்துகளின் தலைமை ஊர்கள். ஆவணி, புரட்டாசியில் புதுச்சேரிக்கு வருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை இந்தக் கிராமங்கள்தான் என்று உறுதியாகச் சொல்வேன். கடல் எந்த மாதமும் அங்கேயே இருக்கும். மழைக்காகக் காத்திருக்கும் ஏரி, சக்கரம் நிற்காமல் சுற்றும் குயவர் தெரு, நடவு நடக்கும் வயல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க இந்த இரண்டு மாதத்தை விட்டால் வழியில்லை.

புறப்படும் முன் ஒரு விஷயம். புதுச்சேரி என்பது கோடு போட்டு அடைத்த ஒரே நிலப்பரப்பாக இருக்காது. அதன் கிராமங்கள் தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. அரை மணி நேரம் வண்டி ஓட்டினால் பல தடவை எல்லை தாண்டிவிடுவோம். கடைப் பலகையில் மாவட்டப் பெயர் மாறும், பெட்ரோல் விலை மாறும், வயலும் பேச்சும் மட்டும் மாறாது. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் ஊர் ஊராகப் பங்கு போட்டுக்கொண்டதன் மிச்சம் இது.

கீழூரில் ஒரு காலை

அந்தப் பங்குக் கணக்கு முடிந்த இடமும் வில்லியனூர் கொம்யூனில்தான் இருக்கிறது. கீழூர் என்ற சிற்றூர் அது. 1954 அக்டோபர் 18 அன்று, புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடினார்கள். இந்தியாவோடு சேர்வதா, வேண்டாமா என்று வாக்களித்தார்கள். சேரலாம் என்றவர்கள் 170 பேர், வேண்டாம் என்றவர்கள் 8 பேர். மாஹேயும் ஏனாமும் அதற்குச் சில மாதங்கள் முன்பே பிரெஞ்சுக்காரர் கையை விட்டுப் போயிருந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28 அன்று இரு நாடுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலும், பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர 1962 ஆகிவிட்டது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடந்தது.

அதனால்தான் நாடு முழுவதும் சுதந்திர தினம் கொண்டாடி முடித்த மறுநாள் காலை கீழூர் நினைவிடத்தில் இன்னொரு முறை கொடி ஏறுகிறது. ஒவ்வோர் ஆகஸ்ட் 16-ம் புதுச்சேரி அரசு அங்கே சட்டப்பூர்வ பரிமாற்ற நாள் விழா நடத்துகிறது, தியாகிகளுக்கு மரியாதை செய்கிறது. வயல்வெளி சூழ்ந்த ஊர், சின்ன நினைவிடம், பெரிய கூட்டம் கிடையாது. நகரத்தின் பெரிய கட்டடங்களை விட்டுவிட்டு இந்த மண்ணில் உட்கார்ந்துதான் இவ்வளவு பெரிய முடிவு எடுத்தார்கள் என்பதை அங்கே நின்று யோசித்துப் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. புதுச்சேரிப் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது நிற்க வேண்டிய இடம். ஆகஸ்டில் வர முடியாதவர்கள் அக்டோபர் 18-ஐ ஒட்டி வரலாம். வாக்களித்த நாளும் இந்தப் பருவத்தை ஒட்டித்தான் வருகிறது.

மண் மணக்கும் தெரு

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் ரயிலில் ஏறினால் முதல் ஊர் வில்லியனூர். இந்தப் பாதை 1879-ல் போட்டது. பஸ்ஸில் போனாலும் அரை மணி நேரம்தான். ஊருக்குள் திருக்காமீசுவரர் கோயில் கோபுரம் நிமிர்ந்து நிற்கிறது. அம்மன் கோகிலாம்பிகை. வைகாசித் தேரை பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்துத் தொடங்கிவைத்த வழக்கம், இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிப்பதாகத் தொடர்கிறது. தேர் பார்க்க வைகாசிக்குத்தான் வரவேண்டும். நவராத்திரி மாலைகளில் அம்மன் சன்னதியில் கூட்டம் இருக்கும், ஆனாலும் நெரிசல் இருக்காது. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு அதுவே வசதி. லூர்து அன்னை திருத்தலமும் இதே ஊரில், 1870-களில் எழுந்தது. எதிரே உள்ள குளத்தின் நடுவில் மாதா சிலை. பெருவிழா ஈஸ்டருக்குப் பிறகுதான் என்றாலும், அக்டோபர் ஜெபமாலை மாதம் என்பதால் மாலை நேரத்தில் குளக்கரையில் ஆள் நடமாட்டம் இருந்துகொண்டே இருக்கும். பக்கத்திலேயே சுல்தான்பேட்டை மசூதிகளின் பாங்கு. மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம்.

ஆனால் வில்லியனூரில் அதிக நேரம் செலவிட வேண்டியது மண் வேலை நடக்கும் இடங்களில். வில்லியனூர் சுடுமண் கைவினைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இந்த ஊரின் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. சட்டி, பானை செய்த கைகள் சிற்பமும் செய்யும் என்பதை நாடு அப்போது கவனித்தது. ஊர்க்காரர்களுக்கு அது எப்போதுமே தெரியும். ஐயனார் கோயில் வாசலில் நிற்கும் ஆளுயர மண் குதிரையைச் செய்தவர்கள் அவர்கள் வீட்டுப் பெரியவர்கள்தானே.

ஆவணியிலிருந்து கார்த்திகை வரை குயவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. முதலில் சதுர்த்திப் பிள்ளையார், அடுத்து கொலுப் பொம்மை, அதற்குப் பின் கார்த்திகை அகல். நடுவில் மழை பிடித்துக்கொண்டால் மண் காயாது, சூளை வைக்க முடியாது. அதனால் வெயில் உள்ளபோதே எல்லாவற்றையும் முடிக்கப் பார்ப்பார்கள். ஏரி மண்ணைக் கொண்டுவந்து ஊறப்போட்டு, கல்லும் வேரும் பொறுக்கி, மணல் கலந்து, காலால் மிதித்துப் பதப்படுத்துகிறார்கள். மிதித்த மண் கையில் ஒட்டாமல், விரலால் அழுத்தினால் விரிசல் விடாமல் இருந்தால் பதம் வந்துவிட்டது.

அச்சில் எடுத்த பிள்ளையாரைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முகமும் வயிறும் அச்சிலிருந்து வந்துவிடும். துதிக்கை நுனியும் காதின் மடிப்பும் கைவேலை. கட்டைவிரலை ஈரத்தில் தொட்டு ஒரே இழுப்பில் காதை விரிக்கிறார்கள், அந்த விரலின் ரேகை காய்ந்த பிறகும் மண்ணில் பதிந்திருக்கிறது. கண்ணுக்கு மட்டும் ஈர்க்குச்சி. கடையில் அடுக்கிவைத்த இருபது பிள்ளையாரில் ஒன்றுக்கொன்று முகம் வேறாகத் தெரிவதற்கு அந்த இரண்டு கோடுகள்தான் காரணம்.

சுடாத களிமண் பிள்ளையார் கிணற்றிலோ குளத்திலோ கரைத்தால் கரைந்து அடிமண்ணோடு சேர்ந்துவிடுகிறார். மண் திரும்ப மண்ணுக்கே போகிறது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மை அப்படிக் கரையாது. அதன் மேல் பூசிய சாயமும் தண்ணீரில்தான் நிற்கும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் வெளியிட்ட திருத்திய வழிகாட்டு நெறிமுறைகள் பிளாஸ்டர் சிலைகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. இருந்தும் ராட்சதப் பிள்ளையார்கள் லாரியில் வரத்தான் செய்கிறார்கள். களிமண் சிலை சின்னதாகத்தான் இருக்கும், சாயம் பளபளக்காது. பக்திக்கு அது போதும்.

கொலு வைக்கிறவர்களுக்கு இன்னொரு தகவல். காகிதக் கூழால் செய்யும் பொம்மைகள் வேண்டுமென்றால் வடமேற்கே மண்ணாடிப்பட்டு கொம்யூனில் உள்ள திருக்கனூருக்குப் போக வேண்டும். அந்தக் கைவினைக்கும் புவிசார் குறியீடு உண்டு. எடை குறைவு, பரணில் வைத்து எடுக்க வசதி. செய்பவர்களிடமே நேரில் வாங்கினால் பணம் முழுதாக அவர்கள் கைக்குப் போகும்.

ஊசுட்டேரிக் கரையும் திருக்காஞ்சி ஆற்றங்கரையும்

வில்லியனூரிலிருந்து பத்துக்கண்ணு பக்கமாகப் போனால் ஊசுட்டேரி. புதுச்சேரி வட்டாரத்திலேயே பெரிய ஏரி. சுமார் 800 ஹெக்டேர் பரப்பு, ஏறக்குறைய பாதி தமிழ்நாட்டில், பாதி புதுச்சேரியில். புதுச்சேரி அரசு 2008-ல் தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாடு தன் பகுதிக்கு அதே அறிவிப்பைப் பிறகு செய்தது. பறவைகளுக்கு எல்லை தெரியாது என்று இரண்டு அரசுகளும் ஒப்புக்கொண்டது நல்ல காரியம்.

வலசைப் பறவைகளின் கூட்டம் மழைக்குப் பிறகுதான் சேரும். புரட்டாசியில் போகிறவர்களுக்கு வேறு காட்சி. தண்ணீர் குறைந்து சேறு தெரியும் ஓரங்களில் நத்தைகுத்தி நாரைகள் அலகைச் சேற்றில் விட்டு நிதானமாகத் துழாவும். கோரைப் புதருக்குள் நீலத் தாழைக்கோழி நடக்கும். நடுத்தண்ணீரில் முக்குளிப்பான் முழுகி, நாம் எதிர்பார்க்காத இடத்தில் எழும். பாம்புத்தாரா பட்டுப்போன மரத்தில் சிறகை விரித்துக் காயவைக்கும். குளிர்நாட்டிலிருந்து முந்தி வந்துவிட்ட தகைவிலான்கள் தண்ணீருக்கு மேல் தாழப் பறந்து பூச்சி பிடிக்கும். காலை 6 மணிக்குள் கரையில் இருந்தால் இத்தனையும் கிடைக்கும். 9 மணிக்கு மேல் வெயிலைத் தவிர ஒன்றும் இருக்காது. இருகண்நோக்கி இருந்தால் கொண்டுபோங்கள். பாட்டுப்பெட்டியை வீட்டில் வையுங்கள்.

திருக்காஞ்சிக்கு மகாளய அமாவாசை அன்று போவதென்றால் கூட்டத்துக்குத் தயாராகப் போக வேண்டும். செஞ்சிப் பக்கத்து மலைகளில் தோன்றி, வீடூர் அணை வழியாக வரும் சங்கராபரணி ஆற்றின் கரையில் கங்கைவராக நதீசுவரர் கோயில் இருக்கிறது. முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க காசிக்கு நிகரான இடம் என்பது இந்த வட்டாரத்து நம்பிக்கை. 2023-ல் சங்கராபரணி புஷ்கரணி விழாவும் இங்கேதான் நடந்தது. தர்ப்பணம் கொடுக்காதவர்கள் வேறொரு நாள் மாலை போகலாம். படித்துறையில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதே போதும்.

பாகூர்: வாய்க்கால், கல்வெட்டு, கல்லூரி

கடலூர் சாலையில் கன்னியக்கோயிலில் இறங்கி மேற்கே திரும்பினால் பாகூர். கிழக்கே மணப்பட்டு வரை சவுக்குத் தோப்பும் கடலும், மேற்கே கண்ணுக்கெட்டும்வரை நெல். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று இதைச் சொல்வது வெறும் புகழ்ச்சி இல்லை. இந்தச் சிறு பிரதேசத்தில் பாசன ஏரிகள் மட்டும் 84. அவற்றில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி பாகூர் ஏரி. தென்பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால்தான் இதற்குத் தண்ணீர் கொண்டுவருகிறது. சிங்காரி, பங்காரி என்ற இரண்டு தாசிகள் தங்கள் சொந்தப் பொருளைப் போட்டு வெட்டுவித்த வாய்க்கால் என்று ஊரார் சொல்வார்கள். ராஜாக்கள் பெயரில் ஆயிரம் ஏரி இருக்கலாம். நடனமாடி ஈட்டிய பணத்தில் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்த பெண்களின் பெயரை ஒரு வாய்க்கால் இன்றும் சுமந்துகொண்டிருப்பது பாகூருக்குப் பெருமை.

புரட்டாசியில் ஏரிக்கரையில் நடந்தால் பேச்செல்லாம் தண்ணீர் பற்றியதாகவே இருக்கும். பெண்ணையில் எவ்வளவு வருகிறது, சாத்தனூர் அணையில் திறந்தார்களா, வாய்க்கால் தூர் வாரியாயிற்றா? நடவு வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து, நாற்று முடியைப் பிரித்துப் பிரித்து ஊன்றியபடி பின்னால் நகர்ந்து போவார்கள். வேலைக்கு இடைஞ்சல் செய்யாமல் வரப்பில் நின்று பார்க்கலாம். கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

ஊருக்குள் மூலநாதர் கோயில். அம்மன் வேதாம்பிகை. சோழர் காலக் கற்றளி, இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. உள்ளே போய்த் தரிசனம் செய்துவிட்டுத் திரும்பிவிடாமல், வெளிச்சுற்றில் அடித்தளத்தை ஒட்டிக் குனிந்து நடந்து பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் நடனச் சிற்பங்கள். கால் மடிப்பும் இடுப்பின் ஒடிவும் அந்தச் சின்னக் கல்லுக்குள் பிசகில்லாமல் நிற்கின்றன. மாலை 4 மணிச் சாய்வெயிலில் அவை நன்றாகத் துலங்கும். சுவரெல்லாம் கல்வெட்டு. 949-ல் தக்கோலப் போரில் சோழரை வென்ற ராஷ்டிரகூட அரசன் மூன்றாம் கிருஷ்ணனைத் தமிழ்க் கல்வெட்டுகள் கன்னரதேவன் என்று சொல்லும். அவன் காலத்துக் கல்வெட்டு இங்கே இருக்கிறது. திரும்ப எழுந்த சோழர்களின் கல்வெட்டும், ராஜராஜன் காலம் உட்பட, இங்கே இருக்கிறது. ஜெயித்தவனும் தோற்றவனும் மாறி மாறி இதே கோயிலுக்கு நிவந்தம் கொடுத்திருக்கிறார்கள்.

இதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. பல்லவ அரசன் நிருபதுங்கவர்மனின் 8-ம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள், இந்த ஊரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு 3 ஊர்களைத் தானமாகக் கொடுத்ததைச் சொல்கின்றன. 9-ம் நூற்றாண்டிலேயே வித்யாஸ்தானம், அதாவது உயர்கல்விக்கூடம், இங்கே நடந்திருக்கிறது. மாணவர்கள் படிக்க, ஆசிரியர்கள் வாழ, மூன்று ஊர் விளைச்சல். விஜயதசமி அன்று நெல்லைப் பரப்பிப் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதவைக்க நல்ல இடம் தேடும் பெற்றோர்களுக்குப் பாகூரைவிடப் பொருத்தமான ஊரை நான் காட்ட முடியாது. வாய்ப்பிருந்தால் பிள்ளையை மூலநாதர் கோயிலுக்கு அழைத்துப்போய், இந்த ஊரில் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே பெரிய பள்ளிக்கூடம் இருந்தது என்று சொல்லுங்கள்.

சண்டையும் நடந்த ஊர்தான். 1752 செப்டம்பர் 6 அன்று, மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் தலைமையிலான ஆங்கிலப் படை பிரெஞ்சுப் படையைப் பாகூரில் தோற்கடித்தது. புதுச்சேரியில் அப்போது டூப்ளே கவர்னர். அந்தப் போருக்கு இன்று அங்கே அடையாளம் எதுவும் கண்ணில் படாது. நெல்தான் நிற்கிறது.

புரட்டாசி சனிக்கிழமைகளில் இந்தப் பக்கத்து ரோடெல்லாம் சிங்கிரிகுடிக்குப் போகும். எல்லை தாண்டி கடலூர் மாவட்டம், ஆனால் புதுச்சேரிக்காரர்கள் அதைத் தங்கள் கோயிலாகத்தான் நினைக்கிறார்கள். 16 கைகளோடு இரணியனை மடியில் கிடத்திய உக்கிர நரசிம்மர். விடியற்காலையில் போனால் வரிசை குறைவு. வீட்டில் அசைவம் நிறுத்திய மாதம் என்பதால் பிரசாதப் புளியோதரைக்கு ருசி கூடத்தான் செய்கிறது.

ஆயுத பூஜைக்கு பாகூர் வட்டாரக் கிராமங்களில் இருக்க வேண்டும். டிராக்டர், அறுவடை இயந்திரம், மோட்டார் கொட்டகை, சைக்கிள் கடைப் பம்பு என்று உழைக்கும் பொருள் எதுவும் விட்டுப்போகாது. எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு, வாழைக்கன்று, பொரி, சுண்டல். பார்க்க வந்த வெளியூர்க்காரர் என்றாலும் கையில் ஒரு பொட்டலம் பொரி வந்துவிடும்.

தண்ணீர் வந்தால்

இதெல்லாம் ஏன் மழைக்கு முன்னே என்று கேட்கலாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவு தண்ணீர் திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணை கரை புரண்டு பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள் புகுந்தது. நட்ட சம்பா மூழ்கியது, வீடுகளில் இடுப்பளவு தண்ணீர் நின்றது, ஆடு மாடுகள் போயின. ஒவ்வொரு வருஷமும் அப்படி ஆவதில்லை. ஆனால் ஐப்பசி பிறந்ததும் இந்த ஊர்களில் எல்லோருக்கும் ஆற்றின் மேல் ஒரு கண் இருக்கும். அப்போது அவர்களுக்கு விருந்தாளிகளைக் கவனிக்க நேரமிருக்காது. ஆவணியிலும் புரட்டாசியிலும் இருக்கிறது.

போகிறவர்கள் பெரிய ஏற்பாடு எதுவும் செய்ய வேண்டியதில்லை. புதுச்சேரி பஸ் நிலையத்திலிருந்து இரண்டு ஊருக்கும் டவுன் பஸ் உண்டு. ஸ்கூட்டர் இருந்தால் ஒரு நாள் வில்லியனூர், ஊசுட்டேரி, திருக்காஞ்சி. இன்னொரு நாள் பாகூர், சிங்கிரிகுடி, மணப்பட்டுக் கடற்கரை. ஒரே நாளில் எல்லாவற்றையும் அடுக்க வேண்டாம். குடை அவசியம். ரோட்டில் காயும் நெல்லின் மேல் வண்டியை ஏற்றாதீர்கள். ஏரிக்கரையில் பிளாஸ்டிக் தட்டும் பாட்டிலும் போடாதீர்கள், மழை வந்தால் அது மதகை அடைக்கும், அடைத்த மதகு ஊரை மூழ்கடிக்கும்.

திரும்பும்போது கார்த்திகைக்கு வேண்டிய அகலை வில்லியனூரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கார்த்திகை வர இன்னும் நாளிருக்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள். சூளை வைக்கிற வெயில் இப்போதுதான் இருக்கிறது, குயவர் வீட்டுக்குப் பணம் தேவைப்படுவதும் இப்போதுதான்.